செயற்கைச் சிறுநீரகமும் வீட்டு உப்புச் சட்டியும்

டயலிசிஸ் செய்துகொண்ட மறுநாள் பின்நேரம். கட்டிலில் சாய்ந்திருக்கும் மாமி மருமகளை அழைக்கிறார்.

“மகள், ஒரு கோப்பை பிளேன்ரீ ஊத்தித் தாங்களே.”

“மாமி, காலையிலிருந்து மூணு கோப்பை குடிச்சிட்டீங்க. கூடாதுண்டு டொக்டர் சொன்னாரே.”

“மவுத்தாப் போறவளுக்குச் சரி ஒரு சொட்டுத் தண்ணி குடுப்பாங்களே மகள்!”

இந்தச் சொல்லைக் கேட்ட பின் எந்த மருமகளுக்குத்தான் மனம் வரும்? கொடுத்தால் நோய் கூடிவிடுமோ என்ற பயம். மறுத்தால் தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுக்காத பாவமோ என்ற உறுத்தல். சிறுநீரக நோயாளி உள்ள வீடுகளில் இது அன்றாடம் நடப்பதுதான். எனவே, செயற்கைச் சிறுநீரகம் எனப்படும் இயந்திரம் உடலின் நீரை எவ்வாறு அகற்றுகிறது, ஏன் நாம் விரும்பிய அளவுக்கு அதனால் அகற்ற முடியவில்லை, நோயாளியின் தாகம் உண்மையில் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டிலுள்ள பெண்கள் அறிந்து வைத்திருப்பது மிகவும் அவசியமாகும்.

ஓய்வில்லாத இரண்டு வடிகட்டிகள்

நமது முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, முள்ளந்தண்டின் இருபுறமும் சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அவ்வளவும் வெளியே போய்விட்டால் மனிதன் உயிர் வாழ்வது எப்படி? வடித்ததில் தேவையானதையெல்லாம் மீண்டும் இரத்தத்துக்கே அனுப்பிவிட்டு, கழிவோடு ஒன்றரை லீற்றர் அளவை மட்டுமே சிறுநீராக வெளியேற்றுகின்றன. கூடுதலாகக் குடித்தால் கூடுதலாக வெளியேற்றும். குறைவாகக் குடித்தால் மிச்சம் பிடிக்கும். கிழமையின் 168 மணித்தியாலமும் இந்த வேலை நடந்துகொண்டே இருக்கும்.

நீரிழிவாலோ உயர் இரத்த அழுத்தத்தாலோ வேறு காரணத்தாலோ இந்த வடிகட்டிகள் பழுதடைந்தால் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. ஒன்று, யூரியா போன்ற கழிவுகள் இரத்தத்தில் தேங்குகின்றன. மற்றது, குடித்த நீரும் உண்ட உப்பும் வெளியேற வழியின்றி உடலில் தங்குகின்றன. கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, முற்றினால் நுரையீரலில் நீர் கட்டி மூச்சு முட்டுகிறது.

ஒரு தாய்க்குச் சொல்ல நேர்ந்த செய்தி

1938இல் ஒல்லாந்து நாட்டின் குரோனிங்கன் நகர வைத்தியசாலையில் வில்லம் கொல்ஃப் என்ற இளம் வைத்தியர் பணிபுரிந்தார். அவருடைய பொறுப்பில் இருந்த ஒரு விவசாயியின் மகன், 22 வயது இளைஞன், சிறுநீரகம் செயலிழந்து மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்தான். அந்தச் செய்தியை அவனுடைய தாயிடம் சொல்லும் கடமை கொல்ஃபுக்கு வந்தது. நாளொன்றுக்கு 20 கிராம் யூரியாவை இவனது இரத்தத்திலிருந்து எடுத்துவிட முடிந்தால் இவன் பிழைப்பானே என்ற எண்ணம் அன்றிலிருந்து அவரை விடவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது ஜேர்மன் படைகள் ஒல்லாந்தை ஆக்கிரமித்திருந்தன. அக்காலத்தில் கம்பென் என்ற சிறு நகரில் இருந்த கொல்ஃப், 1943இல் தமது இயந்திரத்தைச் செய்து முடித்தார். இறைச்சி அடைத்து விற்பதற்குப் பாவிக்கும் செலோபேன் குழாயை ஒரு பீப்பாயைச் சுற்றிச் சுற்றிக் கட்டி, உப்புக் கரைசல் நிறைந்த தொட்டியில் பீப்பாயைச் சுழல விட்டார். குழாய்க்குள் நோயாளியின் இரத்தம் ஓடியது. தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இறந்துபோனார்கள். அவர் கைவிடவில்லை. 1945 செப்டெம்பரில் நினைவிழந்து கிடந்த 67 வயதுப் பெண் ஒருவர் இந்தச் சிகிச்சையால் கண் விழித்தார். பிழைத்து வீடு திரும்பி, மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். செயற்கைச் சிறுநீரகத்தின் முதல் வெற்றி அதுவே.

கழிவு வேறு, நீர் வேறு

கொல்ஃபின் பீப்பாய் கழிவை எடுத்தது; ஆனால் நீரை அளந்து எடுக்கும் வசதி அதில் இருக்கவில்லை. இந்த வேறுபாட்டை நமது சமையலறையைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

தேயிலைப் பையைச் சுடுநீரில் இட்டால் என்ன நடக்கிறது? தேயிலைத் தூள் பையிலேயே இருக்க, சாயம் மட்டும் தானாகவே நீரில் பரவுகிறது. இரத்தத்திலுள்ள கழிவும் இவ்வாறே மெல்லிய சவ்வின் நுண்துளைகள் ஊடாக மறுபுறத்திலுள்ள கரைசலுக்குப் பரவிச் செல்கிறது. இரத்தக் கலங்களும் பெரிய புரதங்களும் துளைகளை விடப் பெரியவை ஆதலால் அவை இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன.

ஆனால் நீர் அவ்வாறு தானாக வந்துவிடாது. துருவிய தேங்காயைத் துணியில் கட்டிப் பிழிந்தால்தானே பால் வருகிறது? அதுபோலவே நீரை எடுப்பதற்குச் சவ்வின் இரு பக்கங்களுக்கும் இடையில் அழுத்த வேறுபாடு வேண்டும். சுவீடன் நாட்டின் லுண்ட் நகரைச் சேர்ந்த வைத்தியர் நீல்ஸ் அல்வால் இதைச் செய்து காட்டினார். செலோபேன் குழாய் உப்பி வெடித்துவிடாதபடி இரண்டு உலோகச் சல்லடைகளுக்கு இடையில் அதை வைத்து, மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தத்தைக் குறைத்து, இரத்தத்திலிருந்து நீரை இழுத்தெடுத்தார். 1946இல் அந்த இயந்திரத்தை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார். இன்று உலகெங்கும் டயலிசிஸ் கதிரையில் அமர்ந்திருப்பவர்களின் உடலிலிருந்து நீர் எடுக்கப்படுவது இதே தத்துவத்தின்படியாகும்.

இன்றைய வடிகட்டி ஒரு சிறு ரோர்ச் லைற்றைப் போன்ற உருளைதான். அதற்குள்ளே முடியைப் போல மெல்லிய, உள்ளே துவாரமுள்ள இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் சுவர்களை வெட்டி விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரை பரப்பு வரும். இழைகளின் உள்ளே இரத்தமும் வெளியே சுத்தமான கரைசலும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் நான்கு மணித்தியாலத்தில் 120 லீற்றர் கரைசல் ஒரு நோயாளிக்குச் செலவாகிறது. எவ்வளவு நீரை எடுக்க வேண்டும் என்று தாதி குறித்துவிட்டால், இயந்திரம் அந்த அளவைத் துல்லியமாக எடுத்துத் தரும்.

அப்படியானால் மாமி விரும்பியதையெல்லாம் குடிக்கட்டுமே, இயந்திரம் எடுத்துவிடாதா? இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். இயந்திரத்தால் எடுக்க முடியும். கொடுக்க வேண்டியது நோயாளியின் உடல் அல்லவா?

கிணறும் ஊற்றும்

ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் ஈரம். ஆனால் நீங்கள் இறைப்பது கிணற்றிலிருந்து மட்டும்தான். இறைத்த நீருக்கு ஈடாக ஊற்று மெதுவாகச் சுரந்து கிணற்றை நிரப்பும். ஊற்று சுரப்பதை விட வேகமாக மோட்டார் இறைத்தால் கிணறு வற்றிவிடும். சுற்றியுள்ள நிலம் ஈரமாகத்தான் இருக்கும்.

நோயாளியின் உடலும் அப்படியே. தேங்கிய நீரின் பெரும்பகுதி சதைக்கும் தோலுக்கும் இடையில், இழையங்களில்தான் நிற்கிறது. இயந்திரம் எடுப்பதோ இரத்தத்திலிருந்து. 60 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணின் உடலில் இரத்தமே நாலரை லீற்றருக்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும். அதில் நீர்ப்பகுதி மூன்று லீற்றருக்கும் குறைவு. அவரிடமிருந்து மூன்று லீற்றரை எடுப்பதென்றால், எடுக்க எடுக்க இழையங்களிலிருந்து இரத்தத்துக்கு நீர் ஊறி வந்துகொண்டே இருக்க வேண்டும். ஊறும் வேகத்தை விட எடுக்கும் வேகம் கூடினால் இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்கிறது. கொட்டாவி, வியர்வை, குமட்டல், கண் இருட்டல், கெண்டைக்காலில் உயிர் போகும் பிடிப்பு எல்லாம் வருகின்றன. காலில் வீக்கம் இருக்கும்போதே நோயாளி மயங்குவது இதனால்தான். இருதயத் தசைக்கும் இரத்தம் குறைகிறது. இது அடிக்கடி நேர்ந்தால் இருதயம் நிரந்தரமாகப் பலவீனமடைகிறது.

எவ்வளவு வேகம் பாதுகாப்பானது? 2011இல் அமெரிக்காவில் 1,846 நோயாளர்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் மணித்தியாலத்துக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் நீர் எடுக்கப்பட்டவர்களிடையே மரணம் அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். 60 கிலோ நிறையுள்ளவருக்கு அந்த எல்லை மணித்தியாலத்துக்கு 780 மில்லிலீற்றர். நான்கு மணித்தியாலத்துக்கு மூன்று லீற்றரை விடச் சற்றே கூடுதல். அதையும் விடக் குறைவாக எடுப்பதே நல்லது என்று கருதும் வைத்தியர்கள் பலர்.

சிறுநீரகம் 168 மணித்தியாலத்தில் ஆறுதலாகச் செய்ததை, கிழமைக்கு மூன்று தடவை சென்றால் 12 மணித்தியாலத்தில், இரண்டு தடவை மட்டும் சென்றால் எட்டு மணித்தியாலத்தில் செய்து முடிக்க வேண்டியிருப்பதே செயற்கைச் சிறுநீரகத்தின் பெரும் குறைபாடு எனலாம்.

தாகம் எங்கிருந்து வருகிறது?

இப்போது பிளேன்ரீக்கு வருவோம். மாமியின் தாகம் பொய்யானதல்ல, பிடிவாதமும் அல்ல. அந்தத் தாகத்தை உண்டாக்குவது பெரும்பாலும் உப்பேயாகும்.

வைத்தியசாலையில் ஏற்றப்படும் சாதாரண சேலைன் நீரில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நமது இரத்தத்தின் உவர்ப்பும் ஏறத்தாழ இவ்வளவே. இந்த உவர்ப்பைக் கூடவோ குறையவோ உடல் விடுவதில்லை. ஆகவே சிறுநீர் போகாத ஒருவர் 9 கிராம் உப்பை உண்டால், அதற்கு ஈடாக ஒரு லீற்றர் நீரைக் குடிக்கும் வரை அவருடைய மூளை தாகம், தாகம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மன உறுதியால் எத்தனை மணித்தியாலம் இதைத் தாங்க முடியும்?

ஒரு கணக்குப் பார்ப்போம். இரண்டு டயலிசிஸுக்கு இடையில் மூன்று நாட்கள். நாளொன்றுக்கு 9 கிராம் வீதம் உண்டால் 27 கிராம் உப்பு. அதோடு சேர்ந்து மூன்று லீற்றர் நீர் தேங்கும். இயந்திரம் மணித்தியாலத்துக்கு 750 மில்லிலீற்றர் எடுக்க வேண்டும்; ஏறத்தாழ ஆபத்தின் எல்லை. அதே நோயாளிக்கு நாளொன்றுக்கு 5 கிராம் மட்டும் கொடுத்தால் மூன்று நாளுக்கு 15 கிராம். தேங்குவது ஒன்றேமுக்கால் லீற்றருக்கும் குறைவு. மணித்தியாலத்துக்கு 425 மில்லிலீற்றர் எடுத்தால் போதும். பிடிப்பு இல்லை, மயக்கம் இல்லை. இயந்திரமும் அதேதான், வைத்தியரும் அவரேதான். வீட்டுச் சமையல் மட்டுமே மாறியிருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1960 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற வைத்தியர், கையில் நிரந்தரமாகப் பொருத்திய டெஃப்லோன் குழாயின் மூலம் கிளைட் ஷீல்ட்ஸ் என்பவருக்குத் தொடர்ச்சியான டயலிசிஸைத் தொடங்கினார். ஷீல்ட்ஸின் கடுமையான இரத்த அழுத்தத்தை, இயந்திரத்தால் நீரை எடுத்தும் உணவில் உப்பைக் குறைத்துமே அவர்கள் கட்டுப்படுத்தினார்கள். இறந்துவிடுவார் என்று கருதப்பட்ட அந்த மனிதர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். பிரான்ஸின் லியோன் நகருக்கு அருகேயுள்ள தஸ்ஸான் என்ற இடத்தில், நோயாளர்களுக்கு ஒரு தடவைக்கு எட்டு மணித்தியாலம் வரை மெதுவாக டயலிசிஸ் செய்து, உப்புக் குறைந்த உணவும் கொடுத்து வந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அழுத்தத்துக்கான மாத்திரை இல்லாமலே சீரான இரத்த அழுத்தத்தோடு நீண்ட காலம் வாழ்ந்ததை 1992இல் வெளியான அறிக்கை எடுத்துக்காட்டியது.

சமையலறையில் செய்யக்கூடியவை

கறிக்குப் போடும் உப்பை மட்டும் குறைத்துவிட்டு, பீங்கானின் ஓரத்தில் கருவாட்டுத் துண்டை வைத்தால் பயனில்லை. கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம், சூப் கட்டி, சோயா சோஸ், டின் மீன், பேக்கரிப் பண்டங்கள் எல்லாம் மறைவான உப்புக் களஞ்சியங்கள். சுவைக்குத் தேசிக்காய், கொறுக்காய்ப்புளி, மிளகு, இஞ்சி, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாராளமாகப் பாவியுங்கள். நாக்கு சில கிழமைகளில் பழகிவிடும். நோயாளிக்கென்று தனிச் சட்டி வைப்பதை விட, முழுக் குடும்பத்துக்கும் உப்பைக் குறைப்பதே சிறந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உப்பு உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே கூறுகிறது.

‘உப்புக்கு மாற்று’ என்று கடைகளில் விற்கப்படும் தூள்களை வாங்க வேண்டாம். அவற்றுட் பலவற்றில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகம் இயங்காதவர்களின் இருதயத்தை அது நிறுத்திவிடக்கூடும். தாகத்துக்கு இளநீர் நல்லதென்று கொடுப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.

குடிக்கும் அளவை வைத்தியரே தீர்மானிப்பார். நோயாளிக்கு நாளொன்றுக்குப் போகும் சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ அரை லீற்றரைச் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். அந்த அளவு நீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். தேநீரோ மருந்து விழுங்கும் நீரோ கஞ்சியோ எது கொடுத்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று நோயாளியே கண்ணால் காண்பார். உங்களுக்கும் அவருக்கும் வாக்குவாதம் வராது. சூப், சொதி, ஐஸ்கிறீம், ஜெலி, வத்தகப்பழம் எல்லாமே நீர்க்கணக்கில் சேரும். பெரிய கோப்பையை எடுத்து வைத்துவிட்டுச் சிறிய கோப்பையில் கொடுங்கள். வாய் காய்ந்தால் கொப்பளித்துத் துப்பலாம். சிறு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம். நீரிழிவு உள்ளவருக்கு இரத்தத்தில் சீனி ஏறினாலும் தாகம் கூடும்; அதையும் கவனிக்க வேண்டும்.

நோன்பு காலத்தில் இன்னும் அவதானம் தேவை. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. வைத்தியர் வேண்டாம் என்றால் பிடிவாதம் பிடிக்கலாகாது. நோன்பு பிடிக்காவிட்டாலும் குடும்பத்தோடு நோன்பு திறக்க அவரும் அமர்வார். ஒரு கிண்ணம் கஞ்சி என்பது நீரும் உப்பும் சேர்ந்ததுதான். பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது. அளவோடு வையுங்கள்.

தினமும் காலையில் ஒரே தராசில், ஏறத்தாழ ஒரே உடையில் நிறையைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு நாளில் ஒரு கிலோ கூடினால் அது சதையல்ல, ஒரு லீற்றர் நீர். மேலதிக நீர் இல்லாதபோது இருக்கும் நிறையை ‘உலர் நிறை’ என்பார்கள். இயந்திரம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அதைக்கொண்டே கணிக்கப்படுகிறது. ஆனால் உலர் நிறை மாறக்கூடியது. காய்ச்சலிலோ சாப்பாடு இறங்காமலோ நோயாளி மெலிந்துபோனால், குறைந்த சதையின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். தராசு பழைய நிறையையே காட்டும். ஆகையால் ‘ரெண்டு கிழமையா சரியாச் சாப்பிடல்ல’ என்பதை மறவாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். உடை தொளதொளத்துப் போனதை முதலில் காண்பது வீட்டிலுள்ள பெண்கள் தாமே?

படுக்கும்போது மூச்சு முட்டுதல், ஒரு தலையணை போதாமல் இரண்டு மூன்று கேட்டல், இரவில் எழுந்து உட்கார்ந்து இருமுதல் ஆகியன நுரையீரலில் நீர் சேர்வதன் அடையாளங்கள். அடுத்த டயலிசிஸ் நாள் வரட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

நாளைய சிறுநீரகம்

நான்கு மணித்தியாலத்தில் அவசரமாகச் செய்வதை நாள் முழுவதும் மெதுவாகச் செய்ய முடியாதா? இந்த நோக்கத்தோடுதான் இடுப்பில் அணியும் சிறுநீரகத்தை விக்டர் குரா என்ற வைத்தியர் உருவாக்கினார். 2007இல் லண்டனில் எட்டுப் பேர் அதை நான்கு முதல் எட்டு மணித்தியாலம் வரை அணிந்தார்கள். பின்னர் சியாட்டிலில் ஏழு பேருக்கு 24 மணித்தியாலம் வரை அணிவிக்கும் சோதனை நடந்தது. நீர் நன்றாகவே அகற்றப்பட்டது. ஆனால் கரைசலில் வாயுக் குமிழிகள் தோன்றியது போன்ற கோளாறுகளால் சோதனை நிறுத்தப்பட்டதாக 2016இல் வெளியான அறிக்கை கூறியது. உடலுக்குள் பொருத்தும் சிறுநீரகத்துக்கான ஆராய்ச்சி கலிபோர்னியாவில் நடக்கிறது. சிறுநீரகக் கலங்கள் கொண்ட ஒரு சிறு கருவி பன்றிகளின் உடலில் ஒரு கிழமை இயங்கியதை 2023இல் அவர்கள் அறிவித்தார்கள். இவை நம் வைத்தியசாலைகளை வந்தடையும் நாளை நம்மால் சொல்ல முடியாது. ஆனால் அவை தேடுவது ஒன்றைத்தான்: நீரை மெதுவாக எடுக்கும் வழி. எடுக்க வேண்டிய நீரைக் குறைக்கும் வழி இன்றே நம் கையில் இருக்கிறது.

ஆகவே, சகோதரிகளே! மாமி பிளேன்ரீ கேட்டால் கோபிக்க வேண்டாம். போத்தலைக் காட்டுங்கள், மிச்சம் இருந்தால் சின்னக் கோப்பையில் அரைவாசி ஊற்றி, பக்கத்தில் அமர்ந்து ஆறுதலாகக் குடிக்க விடுங்கள். பிறகு குசினிக்குப் போய், இரவுக் கறிக்கு உப்புப் போடும் கையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள். நாளை அவருக்கு இவ்வளவு தாகம் இருக்காது.